சாஃப்ட்பால் எண் அட்டைக் கைப்பட்டை: சைகைத் திருட்டை நிறுத்துமா?

மணிக்கட்டுக்கு மேலே கட்டிக்கொள்ளும் துணிப்பட்டை. அதன் மேல் தெளிவான பிளாஸ்டிக் சன்னல், அதற்குள் கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டை. பயிற்றுநர் வெளியிலிருந்து மூன்று எண்களைக் காட்டுவார். பந்து வீசும் பிட்சரும், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரும் தத்தம் அட்டையைப் பார்த்து, அடுத்து எந்தப் பந்து, எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வார்கள். கோலாலம்பூரில் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் ஷாப்பி, லசாடாவிலும் இது கிடைக்கிறது. அமெரிக்கக் கால்பந்துக்கென்று செய்த பட்டைதான் பெரும்பாலும் சாஃப்ட்பாலுக்கும் விற்கப்படுகிறது. வேலை ஒன்றுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

15 வயதுக்கு மேற்பட்ட பள்ளி அணிக்கும் கிளப் அணிக்கும் தாராளமாக வாங்கலாம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டாம். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பட்டை எந்த வியாதிக்கு மருந்தாக வந்தது என்று பார்த்துவிடலாம்.

கையைக் கீழிருந்து சுழற்றி வேகமாக வீசும் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலில், ஓட்டக்காரி ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடும் பேஸுக்குப் பேஸ் 60 அடி. இரண்டாம் பேஸிலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 26 மீட்டர். பந்து பிட்சரின் கையை விட்டுப் போகும்வரை ஓட்டக்காரி பேஸை விட்டு நகரக்கூடாது என்பது விதி. அதனால் இரண்டாம் பேஸில் நிற்பவள் அசையாமல், கேட்சரின் தொடைகளுக்கு நடுவே தெரியும் விரல்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கேட்சர் ஒரு விரல் காட்டினால் ஃபாஸ்ட்பால், நான்கு விரலை ஆட்டினால் சேஞ்ச்-அப் (வேகப் பந்து போலவே வீசி மெதுவாக வரவிடும் பந்து) என்று பிடித்துக்கொள்ள இரண்டு பந்து போதும். பிறகு ஹெல்மெட்டைத் தொட்டாலோ, இடது கையை முழங்காலில் வைத்தாலோ பேட்டருக்குச் செய்தி போய்விடும்.

அந்தச் செய்தியின் மதிப்பு என்ன? மகளிர் ஆட்டத்தில் பிட்ச் தூரம் 43 அடி, அதாவது 13.11 மீட்டர். பிட்சர் காலை முன்னே வைத்து வீசுவதால் பந்து உண்மையில் கடப்பது ஏறத்தாழ 12 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகப் பந்து அதை அரை வினாடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் சேஞ்ச்-அப்புக்கு முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் பேட்டர் ஏமாறுகிறாள். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சேஞ்ச்-அப் என்பது மெதுவாக வந்து அடி வாங்கும் பந்து, அவ்வளவுதான். மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு பிள்ளை கற்றுக்கொண்ட பந்து இரண்டாவது இன்னிங்ஸிலேயே செல்லாக்காசாகிவிடும்.

இனி பட்டைக்கு வருவோம். சந்தையில் இரண்டு வகை உண்டு: ஒரே சன்னல் உள்ளது, மடித்துத் திறக்கும் மூன்று சன்னல் உள்ளது. மூன்று சன்னல் பட்டையைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும். கட்டங்கள் அதிகம், விலையும் பெரிதாகக் கூடாது. ஆனால் மடிப்பை மூடும் வெல்க்ரோதான் அதன் பலவீனம். வியர்வையும் செம்மண்ணும் அதன் கொக்கிகளில் ஏறிக்கொண்டால் மடிப்பு பாதியில் திறந்து தொங்கும். கேட்சர் வலது கையால் பந்தை எடுத்து எறியப் போகும் நேரத்தில் அது மிட்டின் (கேட்சரின் கையுறை) ஓரத்தில் மாட்டும். பள்ளி அணிக்கு ஒரே சன்னல் போதும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது சன்னலின் தையல். அட்டையைச் செருகும் வாய் மேல்பக்கம் திறந்திருந்தால் மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். பக்கவாட்டில், முழங்கை நோக்கித் திறப்பது நல்லது. பிளாஸ்டிக் மெல்லியதாக, விரலால் அழுத்தினால் வளைவதாக இருக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் வெயிலில் மங்கி வெள்ளை பூத்துவிடும். கறுப்பு அல்லது கருநீல நிறம் எடுங்கள். சாஃப்ட்பால் பந்தே ஒளிரும் மஞ்சள். அதே நிறத்தில் பிட்சரின் கையில் பட்டை இருந்தால் பேட்டருக்குக் கண்ணைக் குழப்பும், அம்பயர் கழற்றச் சொல்வார். இன்னொன்று: பிட்சர் இதைக் கையுறை போடும் கையில்தான் கட்ட வேண்டும். பந்து வீசும் கையின் மணிக்கட்டில் எதுவும் இருக்கக்கூடாது.

அளவில் ஏமாற வேண்டாம். பெரியவர்களுக்கான பட்டை 13 வயதுப் பெண்பிள்ளையின் கையில் சுழன்றுகொண்டே இருக்கும். எண்ணைப் பார்க்க ஒவ்வொரு முறையும் திருப்ப வேண்டிவரும். அப்படித் திருப்புகிற கையைப் பார்த்தே எதிரணி ‘இப்போதுதான் சைகை வாங்குகிறாள்’ என்று தெரிந்துகொள்ளும். சிறுவர் அளவு வாங்கினால் சன்னலும் சிறிதாகிவிடும் என்பது உண்மைதான். அதைக் கட்டங்களைக் குறைத்துச் சமாளிக்கலாம்.

பட்டை பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைச் செய்வது அட்டை. வாங்கியவர்கள் ‘இது உபயோகமில்லை’ என்று மூலையில் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அட்டையைத் தயாரித்த விதமே.

சன்னல் 11 செ.மீ.க்கு 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து பத்தி, ஐந்து வரிசை, ஆக 50 கட்டம். தலைப்புக்கு ஒரு வரிசையும் ஓரத்துக்கு ஒரு பத்தியும் சேர்த்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரு செ.மீ. சதுரமாக அமையும். பத்தித் தலைப்புகள் இரண்டு இலக்கம், வரிசை ஓர் இலக்கம். பயிற்றுநர் 3-1-4 காட்டினால் 31-ஆம் பத்தி, 4-ஆம் வரிசை. எல்லா இலக்கங்களையும் 1 முதல் 5 வரை மட்டும் வையுங்கள். ஒரே கையின் விரலால் காட்டிவிடலாம். வாயால் கத்த வேண்டாம். இரைச்சலில் எண் தெளிவாகக் காதில் விழாது. எதிரணிக்குப் புரியாது என்று தமிழில் எண் சொல்லும் பழக்கமும் சில அணிகளில் இருக்கிறது. கோலாலம்பூரில் தமிழ் காதில் விழாத அணி எது? அப்படியே புரிந்தாலும் அட்டை இல்லாமல் அந்த எண்ணை வைத்து அவர்கள் எதுவும் செய்ய முடியாது. ஆகவே மறைக்கும் முயற்சியே தேவையில்லை.

ஐம்பது கட்டத்தையும் சமமாகப் பங்கிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அடிக்கடி வீசும் பந்துக்குக் கட்டம் அதிகம் வேண்டும். ஃபாஸ்ட்பாலுக்கு 20, கடைசியில் கீழே இறங்கும் டிராப்புக்கு 12, சேஞ்ச்-அப்புக்கு 10, மேலெழுவது போல வரும் ரைஸ்பால் வீசத் தெரிந்தவளாக இருந்தால் அதற்கு 4, மீதி 4-ஐ பிட்ச்-அவுட்டுக்கும் (பேட்டருக்கு எட்டாதபடி வேண்டுமென்றே வெளியே வீசுவது) கேட்சர் பேஸுக்கு எறியும் திட்டத்துக்கும் வைக்கலாம். கட்டத்துக்குள் பந்தின் வகைக்கு ஓர் எழுத்து, இடத்துக்கு ஓர் எண். அதற்கு மேல் எழுதினால் படிக்க முடியாது.

வரிசையைக் கையால் ‘கலைத்து’ எழுதாதீர்கள். மனிதர் கலைத்தால் அதில் ஓர் ஒழுங்கு வந்தே தீரும். சேஞ்ச்-அப்புகள் எல்லாம் ஓரங்களுக்குப் போய்ச் சேரும். கூகுள் ஷீட்ஸில் ஒரு பத்தியில் 50 பந்துகளையும் எழுதி, பக்கத்துப் பத்தியில் தற்செயல் எண் தரும் சூத்திரத்தைப் போட்டு, அதன்படி வரிசைப்படுத்தினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதே தாளில் பயிற்றுநருக்குத் தலைகீழ்ப் பட்டியல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘சேஞ்ச்-அப், வெளிப்பக்கம்’ என்று போட்டு அதற்குரிய எண்கள் எல்லாம் கீழே. ஆட்டத்தின்போது மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் காட்டிக் கோடு அடித்துவிடலாம். இந்தப் பட்டியல் இல்லாத பயிற்றுநர் அவசரத்தில் மனப்பாடமான எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டுவார். 4-2-5 வந்தால் சேஞ்ச்-அப் என்று எதிரணி ஸ்கோர் எழுதுபவர் மூன்றாவது முறை குறித்துக்கொள்வார். அவர் செய்தது திருட்டே அல்ல. நாம் தூக்கிக் கொடுத்தது.

ஏழு இன்னிங்ஸில் நூறு பந்தை ஒட்டி வீசினால் ஓர் அட்டை போதாது. அ, ஆ என்று இரண்டு அட்டை தயாரித்து, நான்காவது இன்னிங்ஸில் மாற்றுங்கள். மாற்றும்போதுதான் பெரிய ஆபத்து. பிட்சர் புது அட்டை, கேட்சர் பழைய அட்டை என்று ஆகிவிட்டால், வெளியே டிராப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முகத்துக்கு நேரே உள்ளே ஃபாஸ்ட்பால் வரும். பந்து தவறிப் போவது இருக்கட்டும், அடி பட்டுவிடும். அட்டைகளை வேறு வேறு நிறத்தாளில் அச்சடியுங்கள். மாற்றியதும் பயிற்றுநர் ஓர் எண்ணைக் காட்டட்டும். இருவரும் பதிலைக் கையுறைக்குப் பின்னால் வாயை மறைத்துச் சொல்லட்டும். பதில் ஒன்றாக இருந்தால்தான் ஆட்டம் தொடர வேண்டும்.

அச்சு விஷயத்தில் இந்த ஊர் வெயிலையும் நான்கு மணி மழையையும் மறக்கக்கூடாது. இங்க்ஜெட் மை வியர்வை பட்டதும் ஊதா நிறமாகப் பரவி எழுத்து கரையும். லேசர் அச்சு கரையாது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் எந்தப் போட்டோஸ்டாட் கடையிலும் லேசரில் எடுத்து லாமினேட் செய்துகொடுப்பார்கள். 125 மைக்ரான் உறை கேட்காதீர்கள். அது விறைப்பாக நின்று கையில் வளையாது, சன்னலின் தையலைக் கிழிக்கும். 80 மைக்ரான் போதும். தாளைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். தாளை ஒட்டி வெட்டினால் அந்த வெட்டு வழியாக ஈரம் ஏறி ஒரே பிற்பகலில் அட்டை வீங்கிவிடும். பளபளப்பான உறை மதிய வெயிலில் கண்ணாடி போல மின்னும், மங்கல் உறை கிடைத்தால் அதை எடுங்கள்.

விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாஃப்ட்பாலில் பிட்சர், பிட்சர் பிளேட்டில் கால் வைத்து, இரண்டு கைகளும் பிரிந்த நிலையில் சைகை வாங்க வேண்டும். வாங்கிவிட்டிருந்தாலும் வாங்குவது போல நின்று காட்ட வேண்டும். பட்டை கட்டிய பிள்ளைகள் பிளேட்டுக்குப் பின்னாலேயே அட்டையைப் பார்த்துவிட்டு, ஏறியதும் கைகளைச் சேர்த்து நேரே வீசிவிடுவார்கள். அது இல்லீகல் பிட்ச், அதாவது விதிமீறிய வீச்சு. ‘ஏறு, நில்லு, கேட்சரைப் பாரு, அப்புறம் கையைச் சேரும்மா’ என்று பயிற்சியிலேயே பழக்கிவிட வேண்டும். பந்து கைக்கு வந்ததிலிருந்து வீச 20 வினாடிதான் என்பதும் நினைவிருக்கட்டும். பயிற்றுநர் எண்ணை யோசித்துக்கொண்டு நின்றால் தண்டனை பிட்சருக்கு, பேட்டருக்குச் சாதகமாக எண்ணப்படும் ‘பால்’ ஒன்று கூடும்.

பேட்டிங் பக்கத்துக்கும் இதே பட்டையைப் பயன்படுத்தலாம்: பண்ட் (பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது), ஹிட் அண்ட் ரன் (ஓட்டக்காரி ஓடத் தொடங்க, பேட்டர் அடிப்பது), ஸ்டீல் (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது). அங்கே ஒரே ஓர் எச்சரிக்கை. நிஜத் திட்டம் இருக்கும்போது மட்டும் பேட்டர் அட்டையைக் குனிந்து பார்த்தால், அந்தக் குனிவே சைகையாகிவிடும். ஒவ்வொரு பந்துக்கும் எண் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான எண்ணுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று அட்டையில் இருக்கட்டும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில், ‘எதிரணி சைகையைத் திருடக்கூடாது’ என்று பேசி முடித்துவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. இதில் எங்கள் நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை.

திடலுக்குள் ஆடிக்கொண்டிருப்பவர் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது ஆட்டத்தின் பகுதி. பெரியவர்கள் ஆட்டத்தில் இரண்டாம் பேஸ் ஓட்டக்காரி சைகையைப் படித்தால் அதற்காகச் சண்டைக்குப் போவது சரியல்ல. பிட்சர் சேஞ்ச்-அப்புக்குப் பிடியை மாற்றும்போது கையுறை விரிவதைக் கவனிப்பதும் அப்படித்தான். ஏனென்றால் பார்க்கிறவளை நாமும் பார்க்கிறோம். அவள் ஹெல்மெட்டைத் தொட்டால் நமக்குத் தெரியும், அடுத்த பந்துக்கே சைகையை மாற்றலாம். எதிராளிக்குப் பதில் சொல்ல வழி இருக்கும்வரை அது போட்டி.

வேலிக்குப் பின்னால் கைப்பேசியில் ஸூம் செய்து கேட்சரின் விரலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் டகவுட்டுக்கு (அணி உட்காரும் இடம்) அனுப்பும் பெற்றோருக்குப் பிட்சர் என்ன பதில் சொல்ல முடியும்? அவரை அவள் பார்க்கவே இல்லை. இது ஏமாற்று. பேஸ்பால் உலகம் இதற்குக் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். 1951-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி தொலைநோக்கி வைத்துச் சைகை பார்த்தது அரை நூற்றாண்டு கழித்து வெளிவந்தபோதும் அந்த வெற்றியின் மேல் கறை விழுந்தது. 2017-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கேமரா வழியாகச் சைகையைப் படித்து, குப்பைத்தொட்டியைத் தட்டிப் பேட்டருக்குச் சொன்னது. 2020 ஜனவரியில் அந்த அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம், மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஓராண்டுத் தடை, இருவருக்கும் வேலையும் போனது. அதே 2017-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸும் கைக்கடிகாரக் கருவி மூலம் செய்தி கடத்தியதற்காக அபராதம் கட்டியது. ஓட்டக்காரர் கண்ணால் படித்ததற்கு இப்படித் தண்டனை வந்ததில்லை. கோடு எங்கே இருக்கிறது என்பதில் அங்கேயும் குழப்பமில்லை.

பேட்டர் பின்னால் திரும்பி, கேட்சர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பது? திடலுக்குள்தான், கண்ணால்தான். இருந்தாலும் எந்த அணியும் இதை மரியாதையான செயலாக எடுத்துக்கொள்வதில்லை, நாங்களும்தான். முதுகுக்குப் பின்னால் இருப்பவளுக்கு அதைத் தடுக்க வழியில்லை. நகர்வதைத் தாமதப்படுத்துவது ஒன்றுதான் அவள் கையில் இருக்கிறது.

சிறுவர் ஆட்டத்துக்கு அளவுகோல் வேறு. சிறார் பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட்டங்களை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு தன் சிறார் பிரிவுகளில், சைகையைத் திருடிப் பேட்டருக்குக் கடத்துவதை விளையாட்டு நெறிக்கு ஒவ்வாத செயல் என்று விதியிலேயே எழுதி, வெளியேற்றும் அதிகாரத்தை அம்பயருக்குக் கொடுத்திருக்கிறது. அது சரியான முடிவு. பதினொரு வயதுக் கேட்சருக்கு மூன்று விதச் சைகைத் தொகுப்பை மாற்றி மாற்றிக் காட்டத் தெரியாது. பதில் சொல்லத் தெரியாதவளிடம் எடுப்பது திறமை ஆகாது.

பட்டையின் பெரிய நன்மையும் இங்கேதான் வருகிறது. சந்தேகம் குறைகிறது. விரல் சைகையில் இரண்டு அடி நன்றாக விழுந்ததும் ‘அவங்க பார்த்துட்டாங்க டீச்சர்’ என்று கேட்சர் அழுவாள், பெற்றோர் வேலியோரம் குரலை உயர்த்துவார்கள். எண் அட்டையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எதிரணி முழுக்க எண்ணைப் பார்க்கலாம், எழுதிக்கொள்ளலாம். அட்டை கையில் இல்லாதவரை அது வெறும் எண். அட்டை கையில் கிடைத்தால்? கேட்சர் எழுந்து ஓடும்போது சன்னலிலிருந்து வழுக்கி விழுவது நடக்கக்கூடியது. எதிரணி அட்டை கீழே கிடந்தால் படிக்காமல் அம்பயரிடம் கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நம் அட்டை தொலைந்தால் யாரையும் குற்றம் சொல்லாமல் அடுத்த அட்டைக்கு மாறிவிடுங்கள். மூன்றாவதாக ஒன்று பையில் இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

பட்டையால் தடுக்க முடியாததும் உண்டு. எண் மறைந்தாலும் கேட்சர் வெளிப்பக்கம் நகர்ந்து உட்காருவது மறையாது. பிட்சர் வீசத் தொடங்கிய பிறகு நகரச் சொல்லுங்கள். கையுறைக்குள் பிடி மாற்றுவதும் அப்படியே. எல்லாப் பந்துக்கும் ஒரே பிடியில் தொடங்கி உள்ளே மாற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

2022 முதல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் வந்த, சைகையை மின்னணு முறையில் அனுப்பும் பிட்ச்காம் போன்ற மின்கருவியைப் பள்ளி அணிக்கு வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. விலை ஒருபுறம், மண்டலப் போட்டி முதல் எம்.எஸ்.எஸ்.எம். (மலேசியப் பள்ளி விளையாட்டு மன்றம்) தேசியப் போட்டி வரை எந்தப் போட்டிக்குப் போனாலும் மின்கருவிக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டிவரும். துணிப்பட்டையையும் தலைவிகள் கூட்டத்திலேயே அம்பயரிடம் காட்டிவிடுவது நல்லது.

செலவு அதிகமில்லை. முழு அணிக்கும் வாங்க வேண்டாம். பிட்சர், கேட்சர், மாற்றுப் பிட்சர், மாற்றுக் கேட்சர் என்று நான்கு பட்டை போதும். அட்டைச் செலவு சில ரிங்கிட்தான். துவைக்கும்போது வெல்க்ரோவை மூடிவிட்டுக் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள், வாஷிங் மெஷினில் சன்னல் கிழியும்.

உண்மையான விலையை வேறொருத்தி கொடுக்கிறாள், அது கேட்சர். எண்ணைப் பார்த்து வேலை செய்யும் பிள்ளை, இந்தப் பேட்டர் ஏன் தாமதமாகச் சுற்றினாள், அடுத்து எதை வீச வேண்டும் என்று யோசிப்பதை விட்டுவிடுகிறாள். 12 வயதுக்குட்பட்டோருக்கு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுவே. பெரிய பிள்ளைகளுக்கும், இரண்டாம் பேஸில் ஆள் இல்லாதபோது கேட்சரே விரலால் சைகை கொடுக்கட்டும். ஓட்டக்காரி அங்கே வந்து நின்றதும் எண்ணுக்கு மாறுங்கள். இன்னிங்ஸ் முடிந்து வந்ததும், அந்தப் பந்தை ஏன் கேட்டாய் என்று அவளிடம் கேளுங்கள்.